பெயரற்ற முகங்கள்: தோல் பட்டணங்களின் புகைப்படங்களைக் குறித்து ஒரு திறனாய்வு

அப்போஸ்தலருடைய நடபடிகளில் யோப்பா பட்டணத்துத் தோல் பதனிடும் சீமோன் மூன்று இடங்களில் குறிக்கப்படுகிறார் (9:43, 10:6, 10:32). மூன்று இடங்களிலும் அவருடைய பெயரும் தொழிலும் தவறாமல் கூறப்படுகின்றன. அவற்றுள் இரண்டில், அவர் வீடு கடலோரத்தில் இருந்தது என்ற அடையாளமும் சேர்க்கப்பட்டுள்ளது. யூத சமுதாயத்தில் இத்தொழில் இழிவாக எண்ணப்பட்டது என்பதை நாம் அறிவோம். பிற்காலத்தில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. அத்தொழில் செய்பவரின் மனைவி, அவரோடு வாழ இயலாதென்று மணவிலக்குக் கோரவும் இடமளிக்கிறது. ஆயினும் லூக்கா அவ்வீட்டின் நாற்றத்தைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பேதுருவை ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரர் யார், அவரை எங்கே சென்று காணலாம் என்பதையே எழுதினார். செசரியாவிலிருந்து வந்த மனிதர் விசாரித்து அவ்வாசலில் வந்து நிற்பதற்கு அவ்விவரம் போதுமானதாயிற்று.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் அமைந்துள்ள ஊர்களில் சீமோனின் தொழில் இன்றும் நடைபெறுகிறது. நம் சபைகளில் திருவிருந்துக்கு வருவோருள் பலர் அத்தொழிலால் உண்பவர்கள். இப்பகுதியையும் இதுபோன்ற பகுதிகளையும் ஆவணப் புகைப்படங்கள் உலகுக்கு எவ்வாறு காட்டிவந்துள்ளன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படங்களின் அழகையோ தொழில்நுட்பத்தையோ நாம் ஆராயப் புகவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறோம்: படத்தில் உள்ளவர் யார் என்று அப்படம் சொல்கிறதா, அல்லது அவர் எத்தகையவர் என்று மட்டும் சொல்கிறதா?

1. நாம் அறிந்த மூன்று படங்கள்

தோல் தொழிலைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, வெளியிலிருந்து வரும் பத்திரிகையாளரும் தொண்டு நிறுவனத்தாரும் எடுப்பது. சுண்ணாம்புக் குழியருகே வெறுங்காலோடு நிற்கும் ஒருவர், குரோமியம் ஏறி நீலமாகிய தோல்களின் குவியல், நுரைபொங்கும் கால்வாய், வறண்டு வெடித்த பாலாற்று மணல். நியூயார்க்கிலுள்ள பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அதன்பின் உலகோர் பலருக்கு ராணிப்பேட்டை என்றால் நச்சு என்ற ஒன்றே பொருளாயிற்று.

இரண்டாவது வகை தொழிற்சாலைகளின் விளம்பர மலர்களிலும் ஏற்றுமதிக் கண்காட்சிகளிலும் காணப்படுவது. வெளிச்சம் நிறைந்த கூடம். வரிசையாகத் தையல் இயந்திரங்கள். தலைகுனிந்து ஷூ தைக்கும் பெண்கள். முன்வரிசையில் ஒருவர் புன்னகை. மூன்றாவது வகை நம்முடையது: சபையோ மிஷன் நிறுவனமோ வெளியிடும் அறிக்கையில், நலத்திட்ட உதவி பெறும் ஏழைகள்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். முதலாவது குற்றஞ்சாட்டுகிறது, இரண்டாவது மறுக்கிறது, மூன்றாவது நன்கொடை கேட்கிறது. மூன்றிலும் பொய் உண்டு என்று நாம் கூறவில்லை. பாலாறு கெட்டது உண்மை. கிணறுகள் உப்பும் நஞ்சும் ஏறிப் பாழானது உண்மை. ஷூ கம்பெனிகளின் ஊதியத்தால் பல வீடுகளில் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றதும் உண்மை. ஆனால் மூன்றிலும் ஒரே குறை உண்டு. படத்திலுள்ளவர் ஓர் எடுத்துக்காட்டாக நிற்கிறார். அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தினாலும் படத்தின் பொருள் மாறாது.

மேலும், எடுத்துக்காட்டாக நிற்பவர் எதையும் செய்பவராக இருப்பதில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டின் மனு ஒன்றினால் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதன் பின்னரும் இழப்பீடு முழுமையாகச் சென்றடையாமையால், 2025 சனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. இந்திய நாடு முழுவதும் சட்ட மாணவர் பயிலும் ஒரு வழக்கைத் தொடுத்தவர்கள் இம்மண்ணின் மக்கள். நுரைபொங்கும் கால்வாயின் படத்தில் இவர்களுக்கு இடமில்லை. அங்கே துன்புறுவோர் உண்டு. மனு எழுதுவோர் இல்லை. அவ்வாறே, ஆம்பூர்ப் பகுதியில் தம் வீட்டு வாசற்படியில் அமர்ந்து ஜோடிக் கணக்கில் கூலிபெற்று ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களும் இப்படங்களில் எளிதில் இடம்பெறார். குழியின் கொடுமையும் அங்கில்லை, கூடத்தின் பளபளப்பும் அங்கில்லை.

2. வகைப்படுத்தும் கண்

இக்குறை இன்று தோன்றியதன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற நூலில் 468 புகைப்படங்கள் உள்ளன. ஃபோர்ப்ஸ் வாட்சன், கே ஆகியோர் அரசின் ஆதரவில் அதனைத் தொகுத்தனர். சாதியும் குலமும் தொழிலுமே பெரும்பாலும் படங்களின் தலைப்புகள். 1869-இல் இலண்டனில் இந்நூலைக் கண்ட சர் சையது அகமது கான் வேதனையுற்று எழுதினார். அந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்த தம் மகனிடம் ஓர் ஆங்கிலேயர், நீ இந்துஸ்தானத்தவனா என்று வினவியபோது, ஆம் என்று விடைகூறிய இளைஞனின் முகம் நாணத்தால் சிவந்ததாம். வகைப்படுத்தப்பட்டவரே அப்படத்தைப் பார்க்கவும் கூடும் என்பதைத் தொகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திலர்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். தலையும் மூக்கும் அளக்கப்பெற்றன; படங்களும் சேர்க்கப்பெற்றன. தோல் வேலையோடு பிணைத்துப் பேசப்பட்ட சாதிகளுக்கும் அதில் தனி இடம் உண்டு. அந்நூலின் பயனை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை. ஆயினும் ஒரு மனிதரின் முகத்தை ஒரு சாதியின் முகமாகக் காட்டும் பழக்கத்தை அது நமக்குக் கற்பித்தது என்பதில் ஐயமில்லை.

இவ்விரண்டிலும் கொடியது பஞ்சகாலத்துப் படம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் வட ஆர்க்காடும் தப்பவில்லை. சென்னைக் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் அப்பஞ்சத்தில் எலும்புந்தோலுமாயிருந்தோரைக் குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். அவை திடீரென எடுக்கப்பட்டவையல்ல, ஒழுங்குபடுத்தி எடுக்கப்பட்டவை என்பது பார்த்தவுடனே புலப்படும். இதே ஹூப்பர் 1886-இல் மாந்தளையில், மரணதண்டனைக்குள்ளானோர் சுடப்படும் கணத்தைப் படம்பிடிக்க முயன்றமைக்காக விசாரணைக்குள்ளாகிக் கண்டனம் பெற்றார். இன்று அவருடைய பெயர், படை, பதவி, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு அனைத்தும் நமக்குக் கிடைக்கின்றன. அவர் முன் அமர்ந்திருந்தோரில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

ஐசுவரியவானும் லாசருவும் என்ற உவமையை இங்கு நினைவுகூர்வது தகும் (லூக்கா 16:19-31). நம் ஆண்டவர் கூறிய உவமைகளில் பெயர் பெற்ற ஏழை இவன் ஒருவனே. இரத்தாம்பரம் உடுத்தவனுக்கோ பெயரில்லை. உலகம் எழுதும் பட்டியலை ஆண்டவர் தலைகீழாக எழுதினார். ஹூப்பரின் படங்களோ உலகத்தின் பட்டியலையே பின்பற்றின. வாசலில் கிடந்தவன் பெயரற்றுப் போனான். வாசலைக் கடந்து சென்றவன் பெயர் நிலைத்தது.

3. மானிடக் குடும்பம் என்னும் மறுகோடி

வகைப்படுத்தும் தவற்றைத் திருத்த எழுந்த பெருமுயற்சி ஒன்றையும் நாம் நோக்க வேண்டும். 1955-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகத்தில் எட்வர்டு ஸ்டைக்கன் அமைத்த 'மானிடக் குடும்பம்' என்ற கண்காட்சியில் 68 நாடுகளிலிருந்து 503 படங்கள் இடம்பெற்றன. பிறப்பு, காதல், உழைப்பு, சாவு எல்லாம் எங்கும் ஒன்றே என்பது அதன் செய்தி. பின்னர் அது இந்தியாவுக்கும் வந்தது. உலகப்போரின் புண் ஆறாத காலத்தில் அச்செய்தி பலருக்கு ஆறுதலளித்தது. நம் பிரசங்கங்களிலும் இக்கருத்து அடிக்கடி ஒலிப்பதுண்டு.

ஆனால் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த் 1957-இல் இதனைக் கடுமையாக மறுத்தார். எல்லோரும் பிறக்கிறார்கள் என்பது மெய்யே. எந்தக் குழந்தை எளிதாய்ப் பிறக்கிறது, எந்தக் குழந்தை பிறந்து சாகிறது என்பதன்றோ வரலாறு என்பது அவர் கேள்வியின் சாரம். அவர் கேட்டதோடு நாம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். அக்கண்காட்சியின் படங்களுக்கு அருகே இருந்தவை நாட்டின் பெயரும் படமெடுத்தவர் பெயருமே. தர்ஸ்டனின் நூலில் மனிதர் சாதிக்குள் மறைந்தார். ஸ்டைக்கனின் கூடத்தில் மனிதகுலத்துக்குள் மறைந்தார். ஒன்று வேற்றுமையைப் பெரிதாக்கியது. மற்றொன்று அதனை அழித்தது. இரண்டிலும் ஆள் இல்லை. ஆதியாகமம் முதல் அதிகாரம் கூறும் தேவசாயல், மனிதரை வகையாகவும் காட்டுவதன்று, கூட்டமாக உருக்குவதுமன்று. படைத்தவர் ஆதாமை அழைத்துப் பேசினார், ஆகாரை அவள் பெயர் சொல்லியே அழைத்தார் (ஆதி. 16:8).

4. நமது பங்கு

பிறரைக் குறைகூறி இக்கட்டுரையை முடிப்பது எளிது, அது நேர்மையன்று. வேலூர் மருத்துவப் பணியின் தோற்றத்தை நாம் எல்லோரும் பிரசங்கித்திருக்கிறோம். 1890-களில் திண்டிவனத்தில் ஓரிரவில் மூவர் வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தத்தம் மனைவியைக் காப்பாற்ற இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மறுத்தனர். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தனர். இக்கதை ஒரு புகைப்படத்தைப்போலவே நம் மனத்தில் பதிந்துள்ளது. அதில் ஒருத்தி பிராமணப் பெண், ஒருத்தி முஸ்லிம் பெண், ஒருத்தி மற்றோர் உயர்சாதிப் பெண். மூவருக்கும் பெயரில்லை. டாக்டர் ஐடாவின் தொண்டை நாம் சிறிதும் குறைக்கவில்லை. அம்மூவரின் சாவை மறவாமல் தம் வாழ்நாள் முழுவதையும் அவர் அளித்தார். கேள்வி அவரை நோக்கியதன்று, நூறாண்டுக்கு மேலாக இக்கதையைச் சொல்லிவரும் நம்மை நோக்கியது. இறந்தவர் பெயர் இல்லையே என்று நாம் ஒருமுறையேனும் வருந்தியதுண்டா?

மிஷன் பணி வளர்த்த மற்றொரு படவகை, 'முன்னும் பின்னும்' என்ற இரட்டைப்படம். கந்தையோடு ஒரு குழந்தை, பின் சீருடையோடு அதே குழந்தை. இலண்டனில் தாமஸ் பர்னார்டோ தம் அநாதை விடுதிக்காக இத்தகைய படங்களை விற்றார். அவற்றிற் சில செயற்கையாக அமைக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டு 1877-இல் நடுவர்முன் வந்தது. நடுவர்கள் அவ்வழக்கத்தைக் கண்டித்தனர். ஹூப்பர் சென்னையில் படமெடுத்துவந்த பஞ்சகாலமும் அதுவே. நற்காரியத்துக்காகவே ஆயினும் ஏழையின் உருவத்தைத் திருத்தி அமைத்தல் தகாது என்று அந்நாளிலேயே கூறப்பட்டுவிட்டது.

தொழுநோய்ப் பணியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். 1955-இல் கரிகிரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. மருத்துவத்துக்குக் கைகளின் படம் தேவை. அதில் முகம் மறைக்கப்படுவதும் நியாயம். ஆனால் அதே கை நிதி திரட்டும் துண்டறிக்கைக்குச் சென்றபோது, கைக்கு உரியவர் அங்கே செல்லவில்லை. நோயின் பெயரால் மனிதரை அழைத்த அமைப்பே அதனை உணர்ந்து திருத்திக்கொண்டதும் உண்டு: 1874-இல் தொடங்கிய 'குஷ்டரோகிகளுக்கான மிஷன்' 1965-இல் தன் பெயரைத் 'தொழுநோய் மிஷன்' என மாற்றிக்கொண்டது. நோய்க்கு எதிரான பணி வேறு, நோயாகவே ஆக்கப்பட்ட மனிதர் வேறு என்பதை அம்மாற்றம் ஒப்புக்கொண்டது.

நம் சொந்தப் பிழையையும் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியம் செய்த ஒரு சபையின் விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. தையல் இயந்திரங்கள் வழங்கிய படத்தின் கீழ், இடமிருந்து வலமாக விருந்தினர் பெயர்களைப் பட்டங்களோடு வரிசைப்படுத்திவிட்டு, இறுதியில் 'பயனாளிகள்' என்று எழுதினோம். மலர் வெளிவந்த ஞாயிறன்று ஒரு மூதாட்டி அதனைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஐயா, எல்லார் பேரும் போட்டிருக்குது. எம் பேரு எங்கய்யா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, எங்கோ இருக்கும், தமக்குப் படிக்கத் தெரியாமையால் காணவில்லை என்றே எண்ணியிருந்தார். நாம் விடைகூற இயலாமல் நின்றோம். அதே ஆலயத்தின் அலமாரியில் இருந்த ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது; பெற்றோர் பெயரும் தொழிலும் வசிப்பிடமும் இருந்தன. லூக்கா சீமோனுக்கு அளித்த விவரங்கள் அனைத்தையும் திருச்சபை அவருக்கு அளித்திருந்தது. படமெடுக்கும் நேரத்தில் மட்டும் மறந்தது.

5. பெயரும் ஆபத்தும்

இங்கு ஒரு மறுப்பு எழும். பெயரை வெளியிடுதல் எப்போதும் நன்மையாகுமோ? தொழிற்சாலையில் வேலைசெய்பவர் பெயரோடு படத்தில் தோன்றி வேலையை இழக்கலாம். தொழுநோயிலிருந்து சுகம் பெற்றவரின் மகளுக்குத் திருமணம் தடைபடலாம். தோல் தொழிலின் பெயரைச் சொன்னாலே சாதி வெளிப்படும் என்று அஞ்சுவோர் நம் வாலிபர் சங்கங்களிலேயே உண்டு. இம்மறுப்பு வலிமையானது, இதனை நாம் ஏற்கிறோம். மேற்கூறிய மூதாட்டியின் பெயரை இக்கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டபோது, "வேணாம் ஐயா, பையன் வேலை பாக்குறான்" என்றார். ஆகவே எழுதவில்லை.

ஆனால் பெயரை அறிந்து அன்பினால் மறைத்தல் வேறு. கேட்காமலே விடுதல் வேறு. முன்னதில் முடிவு படத்திலுள்ளவருடையது. பின்னதில் அவர் முடிவுசெய்யக்கூடியவர் என்ற எண்ணமே இல்லை. 2015 சனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் நினைவில் எஞ்சியுள்ள படம் இடிந்த சுவரும் கருஞ்சேறும் மட்டுமே. அவர்கள் பெயரை வெளியிட்டிருந்தால் யாருக்கும் ஆபத்து நேர்ந்திராது. நாம் அறிய முயலவில்லை, அவ்வளவே. அவ்வாரத்து ஞாயிறு ஆராதனையில் நாமும் 'பத்துத் தொழிலாளர்' என்றே ஜெபித்தோம்.

6. வேறு வழி உண்டா?

உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த படங்களைக்கொண்டு, கிராமப் பெண்களின் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பைப்பற்றிக் கண்காட்சி அமைத்தார். கலைக்கூடங்களோடு நில்லாமல், தொழிற்சாலை வாசல்களுக்கும் தொழிலாளர் கூட்டங்களுக்கும் அதனை எடுத்துச் சென்றார். படத்துக்கு உரியவரைப் போன்றோரே அதனைப் பார்த்தனர். 2014-இல் அவர் தொடங்கிய கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக்களரி, மாவட்டந்தோறும் முகங்களைச் சேகரிக்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், தொழில், ஊர், வட்டாரம், மாவட்டம் குறிக்கப்படுகின்றன. நம் ஞானஸ்நானப் பதிவேட்டின் கட்டங்களை நினைவூட்டும் ஒழுங்கு இது. திருச்சபை நெடுங்காலமாகச் செய்துவந்ததைப் படக்கலைக்குள் கொண்டுவந்தவர்கள் திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் அவ்வமைப்பின் புகைப்படக்காரர். மீன் விற்கும் தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளரையும், அத்தொழிலில் மாண்டோரின் குடும்பங்களையும் அவர் தொடர்ந்து படமெடுத்துள்ளார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலையைக் கற்பித்தும் வருகிறார். அவருடைய படங்களில் துயரம் குறைவில்லை. பஞ்சகாலத்துப் படங்களுக்குச் சற்றும் குறையாத துயரம் சிலவற்றில் உண்டு. ஆயினும் வேறுபாடு தெளிவானது. அவர் முன் நிற்பவர் அவருக்குத் தெரிந்தவர். அவர் மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்பவர். உள்ளூராரின் கண் என்பதனாலேயே ஒரு படம் நேர்மையுடையதாகிவிடாது. நம் விழா மலரை எடுத்தவரும் உள்ளூராரே. மீண்டும் செல்லும் உறவே படத்தின் நேர்மைக்கு அடிப்படை என நாம் கருதுகிறோம்.

7. முடிவாக

இன்று ஒவ்வோர் ஆயரின் கையிலும் படக்கருவி உள்ளது. கிராம ஊழியத்துக்குச் செல்லும் இறையியல் மாணவர் முதலில் எடுப்பது கைப்பேசியையே. எனவே இத்திறனாய்வு தொலைவிலுள்ள கலைஞரைக் காட்டிலும் நமக்கே மிகுதியாகப் பொருந்தும். கொடுப்பதையும் பெறுவதையும் ஒரே சட்டத்தில் அடைக்கும் படத்தை எடாதிருப்போமாக, இடதுகை அறியக்கூடாத தருமத்தை ஊரறியச் செய்வது அப்படமே (மத். 6:3). எடுக்குமுன் பெயரைக் கேட்போமாக. வெளியிடலாமா என்று மற்றொருமுறை கேட்போமாக. அச்சான படத்தின் ஒரு படியை அவ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போமாக. கொடுக்க வெட்கப்படும் படத்தை எவருக்கும் அனுப்பாதிருப்போமாக.

பேதுரு சீமோனின் வீட்டில் அநேக நாள் தங்கினார். அவ்வீட்டு மாடியிலேதான், தேவன் சுத்தமாக்கினவற்றைத் தீட்டென்று எண்ணலாகாது என்ற தரிசனம் அவருக்கு அருளப்பட்டது. கொர்நேலியுவின் வீட்டுக்குள் செல்லுமுன் அவர் தோல் பதனிடுபவரின் வீட்டில் உண்டு உறங்கியிருந்தார். நம் தோல் பட்டணங்களை உலகுக்குக் காட்ட விரும்புவோர் எவராயினும், முதலில் அவ்வாசலைத் தேடிச்சென்று வீட்டுக்காரரின் பெயரை விசாரிக்கட்டும்.